ஒரே படி, இரண்டு சம்பளம்

லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றபோது, ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த முதல் வாக்கியம் ஜிபெக்குக்கு மறந்து போயிருந்தது.

ஏழு மாதமாக வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் கணவன் சன்ஜார். புது ஃப்ளாட்டின் கடன் தவணை. ஆறு வருஷம் உழைத்தும் கஸாக் நாணயமான டெங்கேயில் பதினாறரை லட்சத்தைத் தாண்டாத மாதச் சம்பளம். மூன்றும் சேர்ந்துதான் அவளை லண்டன் சட்ட நிறுவனத்தின் இந்த அல்மாத்தி கிளைக்கு இழுத்து வந்திருந்தன. இரண்டு நேர்காணல் முடிந்துவிட்டது. அவளை எடுப்பதாக வாய்மொழியாகச் சொல்லியும் ஆகிவிட்டது. சம்பளப் பேச்சு மட்டும்தான் பாக்கி.

சிபாரிசு செய்தவர் சன்ஜாரின் அண்ணன் குவானிஷ். ஒன்பது வருஷமாக இங்கேதான் வேலை. கணவனின் அண்ணனை வீட்டு மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் கல்யாணமாகி வந்த புதிதில் ஜிபெக்கே அவருக்கு மிர்ஸா என்று ஒரு பெயர் வைத்தாள். மிர்ஸா என்றால் பெரிய மனிதர். எட்டு வருஷமாக அவர் அவளுக்கு மிர்ஸா அத்தான்.

அந்த மிர்ஸா அத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஒரு பேச்சுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"பதினெட்டுக்கு மேல கேட்காதேம்மா. கெட்ட பேர் வரும்."

பதினெட்டு லட்சம் என்பது அவர் மாதாமாதம் மனைவி ரைஹான் கையில் கொண்டு வந்து கொடுக்கும் தொகை. குடும்பம் முழுக்கத் தெரிந்த எண். தன்னைத் தாண்டிப் போகாதே என்று சொல்கிறார் என்றே ஜிபெக் எடுத்துக்கொண்டாள். அவரிடம் ஒன்றும் பேசவில்லை. மனதுக்குள் தன் எண்ணை மட்டும் ஒரு படி உயர்த்திக்கொண்டாள்.

"வாங்க ஜிபெக். டீ சொல்லட்டுமா?"

நிறுவனத்தின் பங்குதாரர் லாரிஸா த்ஸோய் எழுந்து கை கொடுத்தாள். ஐம்பது வயது, குட்டையாக வெட்டிய முடி. மேசையில் ஒரு காகிதம்கூடக் கிடையாது.

"வேண்டாம், இப்பதான் குடிச்சேன்."

"அப்ப நேரா விஷயத்துக்கு வந்துடலாம். இப்ப கைக்கு எவ்வளவு வாங்கறீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ரஷ்ய முறைப்படி தகப்பன் பெயரையும் சேர்த்து ஜிபெக் மரியாதையாகவே ஆரம்பித்தாள்.

"அதை விட்டுடுவோம் லாரிஸா விக்டரோவ்னா. அங்க நான் வாங்கறது அங்க பார்க்கற வேலைக்கு. இங்க என்ன வேலை, அதுக்கு என்ன சம்பளம்னு பேசலாம்."

லாரிஸாவின் புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது. "சரி. பத்தொன்பது லட்சம். வரி போக, கையில."

பத்தொன்பது! ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்த எண்ணைக் கேட்டிருந்தால் ஜிபெக் மேசைக்கு மேலே குனிந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டிருப்பாள். இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து எண்ணினாள்.

"எனக்கு இருபத்துநாலு வேணும்."

"ரொம்ப அதிகம்."

"இந்த ஆபீஸ்ல பதினாலு வக்கீல் இருக்கீங்க. கஸாக் மொழியில நேரா மனு எழுதறவங்க ஒருத்தர்கூட இல்ல. ரஷ்ய மொழியில எழுதி, வெளியில குடுத்து மாத்தறீங்க. போன வருஷம் அந்தத் தாமிரச் சுரங்க வழக்குல மொழிபெயர்ப்புல ஒரே ஒரு வார்த்தை தப்பாப் போச்சு. மூணு மாசம் வாய்தா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எதிர்த்தரப்புல உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சது நான்தான்."

லாரிஸா முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து ஜிபெக் மிச்சத்தையும் சொன்னாள். "மார்ச் கடைசியில எனக்கு மூணு மாசச் சம்பளம் போனஸ் வரும். இப்பக் கிளம்பினா அது போயிடும். அதையும் நீங்கதான் ஈடுகட்டணும்."

"நல்லாப் பேசறீங்க." லாரிஸா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "உங்க சொந்தக்காரர் மாதிரி இல்ல."

மிர்ஸா அத்தானைத்தான் சொல்கிறாள் என்று ஜிபெக்குக்குப் புரிந்தது.

"உங்களுக்கு நான் தர்றது சீனியர் அசோசியேட் வேலை. அதே படியில இங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். ஒன்பது வருஷமா இருக்கார். அவர் வாங்கறது நான் இப்ப உங்களுக்குச் சொன்ன பத்தொன்பதைவிட ரொம்பக் கம்மி."

லாரிஸா மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"பேர் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதும் இல்ல. ஒரே குடும்பம், ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடறவங்க. இருபத்துநாலுன்னு எழுத்துல கேட்கறதுக்கு முன்னாடி அதையும் கொஞ்சம் யோசிச்சுக்குங்க." லாரிஸா எழுந்துவிட்டாள். "அஞ்சு மணிக்கு நான் ஏர்போர்ட் கிளம்பறேன். அதுக்குள்ள ஒரு போன் பண்ணுங்க."

கீழே தெருவில் முந்தின நாள் பனி சேறாகக் கிடந்தது. ஜிபெக் கோட்டுப் பொத்தானைப் போடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

பதினெட்டு இல்லையா? பத்தொன்பதைவிட 'ரொம்பக் கம்மி' என்றால் எவ்வளவு?

போன் அடித்தது. சன்ஜார்.

"என்ன ஆச்சு? முடிஞ்சுதா? நான் இங்க உருளைக்கிழங்கு உரிக்கறேன்னு உட்கார்ந்து விரலை உரிச்சுக்கிட்டிருக்கேன்."

"இன்னும் முடியல. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள நான் சொல்லணும்."

"அவங்க எவ்வளவு சொன்னாங்க?"

"பத்தொன்பது."

"ஜிபெக், வாங்கிக்கோ. இழுக்காதே. கோவிச்சுக்கிட்டு வேற ஆளைப் பார்த்துடப் போறாங்க."

சுரங்கக் கம்பெனியில் நிலவியல் நிபுணராக இருந்தவன் அவன். ஆட்குறைப்பில் வேலை போன நாளிலிருந்து எந்த எண்ணைக் கேட்டாலும் வாங்கிக்கோ என்கிறான். முன்பெல்லாம் அப்படி இல்லை. காரில் டயர் மாற்றுவதற்குக்கூட அரை மணி பேரம் பேசுவான்.

"ரைஹான் அண்ணி ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க" என்றான். "ராத்திரி அங்கதான் சாப்பாடாம். காலையிலேயே இறைச்சியை அடுப்புல ஏத்தியாச்சாம். உனக்கு வேலை கிடைச்சதுக்கு விருந்தாம்."

"கிடைக்கவே இல்லையே இன்னும்!"

"அண்ணன் சொல்லி எது நடக்காம இருந்திருக்குன்னு கேட்கறாங்க."

ஜிபெக் போனை வைத்தாள். அடுத்த நிமிஷமே ரைஹானின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி ஒளிர்ந்தது. அதையும் எடுக்கவில்லை. மிர்ஸா அத்தானுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்: மதியம் சாப்பிட வர முடியுமா? அவசரம்.

சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த உய்குர் சாப்பாட்டுக் கடைக்கு ஆபீஸ்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் மிர்ஸா அத்தான் அந்த இடத்தைச் சொல்லியிருந்தார். இரண்டு தட்டு லக்மான் வந்தது. ஆவி பறக்கிற நூடுல்ஸை மிர்ஸா அத்தான் முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"சொல்லும்மா. லாரிஸா என்ன சொன்னா?"

வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தாள். ஒத்திகையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் கலைந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

அவர் காதுமடல் சிவந்தது. முள்கரண்டி அப்படியே நின்றது.

"என் சம்பளத்தை உன்கிட்ட சொன்னாளா?"

"எண்ணைச் சொல்லல. கம்மின்னு மட்டும் சொன்னா."

"பெரிய நாகரிகம்தான்."

"எவ்வளவு அத்தான்?"

அவர் கடைக்காரரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் தட்டைப் பார்த்துச் சொன்னார். "பதினாலரை."

ஜிபெக்கால் நம்ப முடியவில்லை. இப்போது அவள் வாங்குவதைவிட இரண்டு லட்சம் குறைவு.

"அப்ப அக்கா கையில குடுக்கற பதினெட்டு?"

"காலையில நாலரைக்கு எழுந்துப்பேன். ஆபீஸ் வேலை நிறைய இருக்குன்னு ரைஹான்கிட்ட சொல்லியிருக்கேன். ஆங்கில ஒப்பந்தங்களை ரஷ்ய மொழியில மாத்திக் குடுக்கறேன், பக்கத்துக்கு இவ்வளவுன்னு. சனி, ஞாயிறும் அதுதான்." அவர் குரல் தாழ்ந்தது. "டெங்கே மதிப்பு சரிஞ்ச வருஷம் ஆபீஸ்ல எல்லாருக்கும் சம்பளத்தைக் குறைச்சாங்க. அடுத்த வருஷம் மத்தவங்கல்லாம் போய்க் கேட்டு வாங்கிட்டாங்க. நான் கேட்கல."

"ஏன்?"

"வேலையைப் பார்த்து அவங்களே குடுப்பாங்கன்னு இருந்தேன். ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் போய்க் கேட்டா, ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தேன்னு கேப்பாங்களேன்னு தோணிச்சு. அப்படியே இத்தனை வருஷம்."

ஜிபெக்குக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்போதுதான் புரிந்தது. தன்னைத் தாண்டாதே என்று அவர் சொல்லவில்லை. தன் பொய்யைத் தாண்டாதே என்று கெஞ்சியிருக்கிறார்.

"இப்பவும் அதையேதான் கேட்கறேன்" என்றார். "பதினெட்டுக்கு ஒத்துக்கோ. ரைஹான் உன்கிட்ட எவ்வளவுன்னு கேப்பா. நீ இருபத்துநாலுன்னு சொன்னா, புதுசா வந்தவளுக்கே இவ்வளவுன்னா உங்களுக்கு எவ்வளவுன்னு என் கழுத்தைப் பிடிப்பா. எனக்காக."

அவள் அவரை இப்படிப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று அவள் அப்பாவோடு சரிக்குச் சரி நின்று பேசியவர். சன்ஜாருக்கு வேலை போனதும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு தவணை கட்டியவர். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து கட்டியிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

சரி என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். ஆனால் காலையில் லாரிஸா அதைச் சொன்ன விதம் நினைவுக்கு வந்தது.

"அத்தான், பதினெட்டுக்கு ஒத்துக்கிட்டாலும் அது உங்களுக்கு மேலதானே? பத்தொன்பதும் மேலதான். நான் எதுக்கு ஒத்துக்கிட்டாலும் உங்க எண் மாறப் போறதில்ல. என் எண்தான் குறையும். அதுக்குத்தான் லாரிஸா உங்களை இழுத்தா."

மிர்ஸா அத்தான் நிமிர்ந்தார்.

"என்னை வச்சு உன்னைக் குறைக்கறாளா?"

"ஆமா."

அவர் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "ஒன்பது வருஷம் நான் வாயைத் திறக்காம இருந்தது அவளுக்கு இப்படியெல்லாம் பிரயோஜனப்படுது பார்."

எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். அவருடைய தட்டில் நூடுல்ஸ் அப்படியே இருந்தது.

"அத்தான், எங்க போறீங்க?"

அவர் அதற்குள் கடை வாசலைத் தாண்டியிருந்தார்.

இப்போது வேலை பார்க்கும் ஆபீஸில் ஜிபெக் காலையில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். "இந்த மாசம் இது உனக்கு மூணாவது பல்" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். ஜிபெக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் இருந்த ஒப்பந்தத்தின் ஒரே பத்தியை ஆறு தடவை படித்தாள்.

நாலு நாற்பதுக்கு மாடிப்படிக்குப் போனாள். சிகரெட் பிடிப்பவர்கள் நிற்கும் இடம். நல்லவேளையாக யாரும் இல்லை.

இரண்டாவது மணியிலேயே லாரிஸா எடுத்தாள். "சொல்லுங்க. யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். இருபத்துநாலு. போனஸுக்கு ஈடும் வேணும்."

"காலையில நான் சொன்னதையும் யோசிச்சீங்களா?"

ஜிபெக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதைப் பத்தியும்தான் சொல்லப் போறேன். இன்னொருத்தர் சம்பளத்தை இனிமே என்கிட்ட பேசாதீங்க லாரிஸா விக்டரோவ்னா. அவருக்கு நீங்க கம்மியாக் குடுத்தது உங்க கணக்கு. அதை என் தலையில எழுத முடியாது."

முடிந்தது என்று நினைத்தாள். பத்தொன்பதும் போயிற்று. சன்ஜாரிடம் எப்படிச் சொல்வது?

"போனஸுக்குப் பாதிதான் தர முடியும்" என்றாள் லாரிஸா.

"முழுசும்."

"பாதி. சேர்ற மாசமே தந்துடறேன். இருபத்துநாலுக்கு ஒத்துக்கறேன். அதுக்கு மேல இழுத்தா நான் விமானத்தை விட்டுடுவேன்."

"சரி. எழுத்துல அனுப்புங்க."

"இன்னிக்கே வரும். திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும்." லாரிஸா அதோடு விடவில்லை. "ஒண்ணு சொல்றேன். மதியம் ரெண்டரைக்கு இன்னொருத்தரும் என் கதவைத் தட்டினார். ஒன்பது வருஷத்துல முதல் தடவை. உங்க வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல பேசக் கத்துக்கிட்டீங்க."

போன் வைக்கப்பட்டது.

ஜிபெக் படியிலேயே உட்கார்ந்தாள். இருபத்துநாலு! தவணை, சன்ஜாரின் குளிர்கால பூட்ஸ், ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட எல்லாம். சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் மிர்ஸா அத்தானுக்கு என்ன பதில் கிடைத்தது? தனக்கு இருபத்துநாலு, உங்களுக்கு என்ன ஆனது என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள்.

ரைஹான் வீட்டுக் கதவு திறந்தபோதே வெந்த குதிரை இறைச்சியின் வாசனை மாடிப்படி வரை வந்தது.

"வாங்க வாங்க! லண்டன் வக்கீலம்மா வர்றாங்க, வழி விடுங்க!" ரைஹான் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். முத்தமிட்ட கையோடு கேட்டாள். "போன் பண்ணினா எடுக்கறதில்ல. அதுக்குள்ள அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?"

"இல்லக்கா, மீட்டிங்ல இருந்தேன்."

"இருப்பே, இருப்பே. எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லலைன்னா அந்தக் கதவு உனக்குத் திறந்திருக்குமா? அதை மட்டும் மறந்துடாதே."

ஓரகத்தியின் இந்த மாதிரி பேச்சு ஜிபெக்குக்குப் பழக்கம்தான். எட்டு வருஷத்தில் ஒரு தடவையும் விருந்தில் குறை வைத்ததில்லை, குத்திக்காட்டாமல் விட்டதும் இல்லை. இன்று மட்டும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே உள்ளே போனாள்.

மிர்ஸா அத்தான் மேசையின் தலைப்பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். சன்ஜார் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அகலமான தட்டில் நூடுல்ஸும் மேலே இறைச்சியும் வந்தன.

ரைஹான் உட்காரக்கூட இல்லை. தேநீர்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள். "சரி, சொல்லு. எவ்வளவு?"

ஜிபெக் சன்ஜாரைப் பார்த்தாள். வழியில் அவனிடம் எண்ணை மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவன் டாக்ஸியிலேயே அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"அது இன்னும் கையெழுத்து ஆகலக்கா..."

"அட, வீட்டுக்குள்ள என்ன ரகசியம்? இவரு பதினெட்டு வாங்கறது ஊருக்கே தெரியும். நீ என்ன, பதினஞ்சா?"

"இருபத்துநாலு" என்றார் மிர்ஸா அத்தான்.

ரைஹான் திரும்பினாள்.

"அவளுக்கு இருபத்துநாலு. எனக்குப் பதினெட்டு இல்ல. பதினாலரை."

சன்ஜார் அண்ணனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். ரைஹான் கிண்ணத்தை மேசையில் வைக்கத் தடுமாறியதில் கொஞ்சம் தேநீர் விரிப்பில் சிந்தியது.

"அப்ப நீங்க குடுக்கறது?"

"மிச்சத்தை மொழிபெயர்த்துச் சம்பாதிக்கறேன். விடியக்காலையில."

"ஆபீஸ் வேலைன்னீங்களே."

"ஆமா. சொன்னேன்."

ரைஹான் மெதுவாக உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அது முதலில் ஜிபெக் பக்கம்தான் திரும்பியது. "உனக்குத் தெரியுமா இது?"

"மதியம்தான் தெரிஞ்சுதுக்கா."

"மதியமே தெரியும். அதான் போனை எடுக்கல. நான் இங்க இறைச்சியை வேக வச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டுலயெல்லாம் சொல்லிக்கிட்டு..." குரல் உடைந்தது. கணவனைப் பார்த்தாள். "இன்னிக்கு ஏன் சொல்றீங்க? இவ்வளவு நாள் மறைச்சவருக்கு இன்னிக்கு என்ன வந்துது?"

"இன்னிக்கு லாரிஸாகிட்ட போய்க் கேட்டேன் ரைஹான். சம்பளத்தை ஏத்துங்கன்னு." அவர் தட்டைப் பார்த்தே பேசினார். "இந்த வருஷம் ஒருத்தருக்குத்தான் பணம் இருக்காம். ஜிபெக் வராம இருந்தா எனக்குத் தரலாமாம். வந்தா, அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அதை நான் இங்க சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். ஆனா பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு."

ஜிபெக்கின் கைப்பைக்குள் போன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. கடிதம் வந்துவிட்டது. எடுத்துப் பார்க்கவில்லை. ஜிபெக் கேட்டதைத் தந்துவிட்டு, ஒரே பணத்துக்கு ஒரே வீட்டில் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிட்டாள் லாரிஸா.

"எவ்வளவு கேட்டீங்க அத்தான்?" என்றாள்.

அவர் சொல்லவில்லை.

"சொல்லுங்களேன்" என்றாள் ரைஹான். சண்டைக்குத் தயாரான குரல். "ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டீங்கதானே? எவ்வளவு?"

"பதினாறு."

"என்ன?"

"பதினாறு லட்சம் கேட்டேன்."

எத்தனை சண்டைக்கு ரைஹான் இத்தனை நேரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாளோ, அத்தனையும் எங்கோ போய்விட்டது. எழுந்து கணவனிடம் போனாள். அவர் தோளில் கையை வைத்தாள்.

"ஒன்றரை லட்சம் கூடக் கேட்கவா ஒன்பது வருஷம் யோசிச்சீங்க?" என்றாள். "ஒன்றரை லட்சமா?"

அவர் தலையைத் தூக்கவே இல்லை.

இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. ரைஹான் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜிபெக்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வழக்கமான குத்தல் இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லக்கா. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

"போடாதே" என்றாள் ரைஹான்.

கெஞ்சுகிறாளா, கட்டளையிடுகிறாளா என்று ஜிபெக்குக்குப் பிடிபடவில்லை. பதில் தேடி அவள் நிமிர்வதற்குள், ஏழு மாதமாக அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாத சன்ஜார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"போடுவா அண்ணி" என்றான். "அவ கண்டிப்பாப் போடுவா."